பார்த்ததை எழுதுக

தரம் மூன்று 'ஆ' வகுப்புக்கு
இந்தக் கிழமை வீட்டுப்பாடம் இதுதான்:
வீட்டுக் கேற்றிலிருந்து பாடசாலைக் கேற்றுவரை
பார்த்ததை எழுதுக.

உப்புவெளிக் கடல் வரும் என்று நினைத்தேன்.
காயும் வலை வரும், காகம் வரும்,
பஸ் ஸ்டாண்ட் பக்கம் படுத்து அசைபோடும்
புள்ளிமான்கள் கட்டாயம் வரும்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம்.
பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில்
முழங்கால் நெஞ்சில் இடிக்க நாங்கள்.
சுபாங்கினி மிஸ் கொப்பிகளை
அவரவர் முன்னால் விரித்து வைத்தா.
ஒரு சொல்லும் சொல்லவில்லை.
மின்விசிறி மட்டும் பக்கம் புரட்டியது.

என் மகள் துவாரகியின் எழுத்து
கோட்டை விட்டுக் கீழே சரியும்.

'அப்பா ஹெல்மெட் போட்டார்.
எனது ஹெல்மெட் ஆணியில் இருந்தது.
சந்தியில் சிவப்பு.
அப்பா போனார்.
போனில் வந்திட்டன் வந்திட்டன் என்றார்.
நாங்கள் இன்னும் வரவில்லை.
பக்கத்தில் பஸ் வந்தது.
நான் கண்ணை மூடினேன்.
அதனால் மிச்சம் பார்க்கவில்லை.'

கீழே மிஸ்ஸின் சிவப்புப் பேனை:
எழுத்துப்பிழை இல்லை.

பக்கத்துக் கதிரையில் ஓட்டோ இல்யாஸ்
'ஒன்பது பேர் இல்லை மிஸ், எட்டுப் பேர்தான்' என்றார்.
எல்லோரும் சிரித்தோம்.
அவர் மட்டும் விரலை மடக்கி
இன்னொருமுறை எண்ணிப் பார்த்தார்.
பிறகு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நஸ்மியாவின் மகன் எழுதியது நாலே வரி.
அவ வாசிக்கத் தொடங்கி நிறுத்த,
மிஸ் வாங்கி வாசித்தா:

'மானுக்கு லொறி நின்றது.
எனக்கு நிற்கவில்லை.
இன்னொரு மான் வரும்வரை பார்த்து நின்றேன்.
மானோடு சேர்ந்து போனேன்.'

அதற்குப் பிறகு
கூட்டத்தில் கொஞ்ச நேரம் கூட்டம் நடக்கவில்லை.

கேற்றுக்கு வெளியே எங்கள் பொறுப்பில்லை என்று
போன வருடம் சொன்னவர் அதிபர்.
கேற்றுக்கு உள்ளே விட்டால் எங்கள் கடமை முடிந்தது என்று
போன வருடம் சொன்னவர்கள் நாங்கள்.
இடையில் கிடந்தது
இருபது அடித் தார்.
மஞ்சள் கடவையின் மஞ்சளை
எந்த மாரி கழுவிக்கொண்டு போனதோ,
எவருக்கும் நினைவில்லை.

பொலிசைக் கூப்பிடுவோம் என்றார் ஒருவர்.
நகரசபைக்கு எழுதுவோம் என்றார் இன்னொருவர்.
எழுதுவோம், எழுதுவோம்.
'திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு
ஆர் நிற்கிறது?' என்று கேட்டா நஸ்மியா.
அதிபர்தான் முதலில் கை தூக்கினார்.
வகுப்பில் விடை தெரியாத பிள்ளைபோல,
பாதி உயரத்துக்கு.

மீன்பெட்டி மூடியில் இல்யாஸ்
இரண்டு மொழியில் 'நில்' என்று எழுதினார்.
சிங்களத்தில் ஒரு சுழி பிழை.
சந்தியில் நிற்கும் சார்ஜன்ட் ரத்னசிறி
சிரித்துக்கொண்டு திருத்திக் கொடுத்தார்.
வெயிலில் அது இன்னும் லேசாக
பாரை மீன் மணக்கும்.

முதல் நாள் என் முறை.
மூடியைத் தூக்கி நின்றேன்.
கல்லேற்றிய லொறி ஒன்று
முன்சில்லு கடவையைத் தொடத் தொட நின்றது.
உள்ளே இருந்தவன்
என்னைப் போலவே போனில்
வந்திட்டன் வந்திட்டன் என்கிறான்.
நாற்பது சோடி வெள்ளைச் சப்பாத்து
என் முதுகுக்குப் பின்னால் கடக்கும்வரை
எனக்கு மூச்சு வரவில்லை.

ஆணியில் இருந்த ஹெல்மெட் இறுகுகிறது.
வாங்கி இரண்டு வருடம்,
தொங்கிய காலத்தில்
தலை வளர்ந்துவிட்டது.
சம்பளம் வந்ததும் புதிது.
அதுவரை நடை.
அரை மணி முந்தி எழும்புகிறோம்.
வலம் பார், இடம் பார், திரும்ப வலம் பார்
என்று அவள் சொல்ல,
நான் பார்க்கிறேன்.

இன்று புது ஹெல்மெட், நீலம்.
சந்தியில் சிவப்பு.
எந்தப் பக்கமும் வாகனம் இல்லை,
நடு றோட்டில் ஒரு கிழட்டுக் கொம்பன் மான் மட்டும்,
அவசரமில்லாமல்.
பின்னால் ஒருவன் ஹோர்ன் அடிக்கிறான்.
நிற்கிறேன்.

துவாரகி ஒன்றும் சொல்லவில்லை.
கண் திறந்திருக்கிறதா என்று
நான் கேட்கவும் இல்லை.
வெள்ளிக்கிழமை கொப்பி வரும்.